பிஎஸ்ஏ பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஎஸ்ஏ பாட்டில் இல்லாத உயிர்வேதியியல் ஆய்வகத்தைப் பார்ப்பது அரிது. மாட்டு ரத்தச் சீரத்திலிருந்து பிரித்தெடுத்த ஆல்புமின் என்ற புரதம் அது (bovine serum albumin). விலை குறைவு, தண்ணீரில் நன்றாகக் கரையும், எந்த வினையிலும் தலையிடாது என்று எல்லோரும் நம்புகிறோம். அந்தக் கடைசி நம்பிக்கைதான் ஆபத்து. ரத்தத்தில் ஆல்புமினின் வேலையே கொழுப்பு அமிலம், பிலிருபின், மருந்து, உலோக அயனி என்று பலதையும் பிடித்துச் சுமப்பது. பாட்டிலுக்குள் வந்த பிறகும் அந்தக் குணம் மாறுவதில்லை.

வாங்கும்போதே முதல் தவறு நடக்கிறது. லேபிளில் ‘ஃபிராக்ஷன் ஃபைவ்’ என்று இருந்தால் உயர்ந்த தரம் என்று பலர் நினைக்கிறார்கள். 1940-களில் ஹார்வர்டில் எட்வின் கோன் குழுவினர் குளிர்ந்த எத்தனாலைக் கொண்டு ரத்தப் புரதங்களைப் பிரித்த முறையில், ஐந்தாவதாகக் கிடைத்த பகுதிக்கு வந்த பெயர் அது. இன்று வேறு முறையில் தயாரித்ததையும் அதே பெயரில் விற்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு, கொழுப்பு அமிலம் நீக்கியதா, இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி புரதம்) நீக்கியதா, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) அளவு என்ன, புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) இருக்கிறதா என்று பாருங்கள். மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு செல்களோடு வேலை செய்பவருக்கு எண்டோடாக்சின் முக்கியம். சாதாரண எலைசா (ஆன்டிபாடி கொண்டு செய்யும் சோதனை) செய்பவருக்கு அந்தக் கவலை தேவையில்லை.

அதிகம் ஏமாற்றுவது, புரத அளவை நிறத்தால் கணக்கிடும் பிராட்ஃபோர்டு அளவீடு. கூமாசி சாயம் புரதத்தில் முக்கியமாக ஆர்ஜினினோடு ஒட்டி, 595 நானோமீட்டரில் நீல நிறம் தருகிறது. இதில் பிஎஸ்ஏ மற்ற பல புரதங்களைவிடத் தூக்கலாக நிறம் காட்டும். ஐஜிஜி (இம்யூனோகுளோபுலின் ஜி) ஆன்டிபாடி அதே எடைக்கு ஏறத்தாழப் பாதி நிறம்தான் தரும். ஆக, பிஎஸ்ஏவை ஸ்டாண்டர்டாக (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசலாக) வைத்து 1 மி.கி./மி.லி. ஆன்டிபாடியை அளந்தால் கருவி சுமார் 0.5 என்று சொல்லும். ஒரே வகை செல் சாறுகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் என்றால் சரி, பாதகமில்லை. தூய்மையாக்கிய ஆன்டிபாடியின் உண்மை அளவு வேண்டுமென்றால் மாட்டு காமா குளோபுலினை ஸ்டாண்டர்டாக வையுங்கள். பொடியை எடைபோட்டு நீங்களே ஸ்டாண்டர்டு தயாரித்தால், பொடி உறிஞ்சிய ஈரமும் எடையில் சேர்ந்துவிடும். 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை ஒருமுறை சரிபாருங்கள்: 1 மி.கி./மி.லி. பிஎஸ்ஏ, 1 செ.மீ. குவெட்டில் ஏறத்தாழ 0.67 காட்ட வேண்டும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை மெம்பிரேனில் ஏற்றி ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) பாஸ்பேட் ஏறிய புரதத்தைத் தேடும் பாஸ்போ ஆன்டிபாடி என்றால், பிளாக்கிங்குக்கு, அதாவது மெம்பிரேனின் வெற்றிடங்களை மூட, பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ என்பது பலருக்கும் தெரியும். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். ஆனால் விலை குறைந்த பிஎஸ்ஏவில் மாட்டு ஐஜிஜி கொஞ்சம் கலந்திருக்கும். ஆட்டின் ஐஜிஜியும் மாட்டின் ஐஜிஜியும் நெருங்கிய சொந்தம். ஆட்டு ஆன்டிபாடியைப் பிடிக்கும் செகண்டரி (இரண்டாம்) ஆன்டிபாடியைப் போட்டால், அது பிளாக்கிங்கில் இருக்கும் மாட்டு ஐஜிஜியையும் பிடிக்கும், மெம்பிரேன் முழுக்கக் கறுத்துவிடும். இதைப் பார்த்துவிட்டு பிளாக்கிங் போதவில்லை என்று பிஎஸ்ஏவை 3 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். ஐஜிஜி நீக்கிய பிஎஸ்ஏவுக்கு மாறுங்கள்.

இன்னொன்று, காசைக் கரைக்கும் தவறு. கடையில் வாங்கும் ஆன்டிபாடி பலவற்றில் அது கெடாமல் இருக்க பிஎஸ்ஏ சேர்த்திருப்பார்கள். அதை அப்படியே எடுத்து பயோட்டினோ ஒளிரும் சாயமோ இணைத்தால், அவை வழக்கமாக ஒட்டும் லைசின் நிறைந்த பிஎஸ்ஏவே பெரும்பகுதியைத் தின்றுவிடும். லேபிள் செய்யப் போகிறீர்கள் என்றால் பிஎஸ்ஏ இல்லாத தயாரிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

செல்களுக்குப் பால்மிடேட் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுக்கும் சோதனையில் பிஎஸ்ஏதான் அதைச் சுமந்து செல்கிறது. கன்ட்ரோல் செல்களுக்கு வெறும் மீடியம் போதாது. அதே அளவு, கொழுப்பு அமிலம் ஏற்றாத பிஎஸ்ஏ கொடுக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் பார்க்கும் மாற்றம் பால்மிடேட்டால் வந்ததா, புரதத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

டிஎன்ஏவைப் பல நகல்களாகப் பெருக்கும் பிசிஆரில் இந்த ஒட்டும் குணம் நன்மையாகிறது. மண்ணின் ஹியூமிக் அமிலத்தையும் ரத்தத்தின் ஹீமையும் பிடித்து வைத்துப் பாலிமரேஸ் நொதியைக் காப்பாற்றும். மைக்ரோலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மைக்ரோகிராம் வரை போடலாம், ஆனால் பிளாக்கிங்குக்கு வைத்த பாட்டிலிலிருந்து எடுக்காதீர்கள். டிஎன்ஏவும், அதை வெட்டும் நியூக்ளியேஸ் நொதியும் இல்லாத தயாரிப்பு தனியாக இருக்கிறது.

அப்புறம் கரைக்கும் விதம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் அறை வெப்பநிலைக்கு வரும் முன் மூடியைத் திறந்தால் பொடி ஈரம் இழுத்துக்கொள்ளும். பஃபரின் மேற்பரப்பில் பொடியைத் தூவிவிட்டுச் சும்மா விடுங்கள். மெல்ல நனைந்து, ஒளி ஊடுருவும் கட்டிகளாகித் தானே கரையும். வோர்டெக்ஸில் வைத்தால் நுரைதான் மிஞ்சும், நுரையில் புரதம் உருக்குலையும். ஆட்டோகிளேவில் வைத்தால் சூட்டில் வெந்து கட்டியாகிவிடும். 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்த்திருந்தால், எச்ஆர்பி (பட்டையைக் காட்டும் நொதி) இணைத்த ஆன்டிபாடியை அந்தக் கரைசலில் கலக்காதீர்கள். அசைடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும், பட்டை தெரியாமல் போகும்.