அம்மா முட்டிய கேட்டு போட்ட பிளான்: கியோத்தோ கோயில்களுக்கு ஒரு நாள்

ஜப்பான் போயிட்டு வந்ததுல இருந்து பினாங்குல எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஒரே கேள்விதான், "வயசானவங்கள வச்சிக்கிட்டு அங்க கோயில் எல்லாம் பாக்க முடியுமா, தனி வேன் எடுக்கணுமா?" தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் இங்கயே எழுதிடறேன். முடியும். ஆனா ஒரு நாளைக்கு மூணு இடம்தான், நாலாவது வேண்டவே வேண்டாம்.

முதல் நாள் நாங்க அஞ்சு இடம் போட்டிருந்தோம். கியோமிசு-தேராங்கிற மலைக்கோயில் ஏத்தத்த பாத்ததுமே அம்மா "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் வண்டியிலயே உக்காந்திருக்கேன்"னுட்டாங்க. அவ்வளவு ரிங்கிட் செலவு பண்ணி கூட்டிட்டுப் போய் பார்க்கிங்க பாக்க வச்சோம். அன்னிக்கு ராத்திரியே பிளான கிழிச்சிப் போட்டுட்டு, அம்மா முட்டி எவ்வளவு தாங்கும்னு கேட்டுட்டு மறுபடி போட்டோம். கியோத்தோ ஸ்டேஷனுக்குக் கிட்டக்கயே மூணு இடம்: ஃபுஷிமி இனாரி, சஞ்சுசாங்கென்தோ, தோஜி. வண்டியில இருக்கிற நேரம் ரொம்ப கம்மி.

வேன் விஷயம் முதல்ல. நாலு பேருன்னா சாதா டெக்சி போதும், நாள் பூரா வண்டி வேண்டாம். ஆறு ஏழு பேர்னா ஹையேஸ் மாதிரி வேன் டிரைவரோட எடுங்க, ஆனா நம்பர் பிளேட் பச்சையா இருக்கான்னு கேட்டுக்கோங்க, அங்க காசு வாங்கி ஆள் ஏத்துற வண்டிக்கு பச்சை பிளேட்தான். வெள்ளை பிளேட்டுல விலை கம்மின்னு வந்தா அது நம்மூரு பிரெபெட் சாப்பு, அதான் லைசென்ஸ் இல்லாத டெக்சி, கதைதான். டோல், பார்க்கிங், ஓவர்டைம் எல்லாம் அந்த விலையிலயே சேர்ந்திருக்கான்னு எழுத்துல வாங்கிடுங்க. டிரைவர் வேற கைடு வேற, பெரும்பாலும் டிரைவர் வண்டிகிட்டயே நிப்பாரு, கதை சொல்ல வர மாட்டாரு.

காலையில ஃபுஷிமி இனாரி. 24 மணி நேரமும் திறந்திருக்கும், டிக்கெட் கிடையாது, அதனால 8 மணிக்கு முன்னாடியே போயிடுங்க, 10 மணிக்கு மேல தலைதான் தெரியும். அந்த சிவப்பு தோரீ வாசல் வரிசை ஆயிரக்கணக்குல மலை பூரா போகுது, மலை 233 மீட்டர், சுத்தி வர ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். நம்ம பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில்ல 513 படி ஏறுறவங்க ஏறட்டும், மத்தவங்க கீழ பெரிய சன்னதி, அதுக்கு மேல அடர்த்தியா நெருங்கி நிக்கிற தோரீ வரிசை, அது முடியிற இடத்துல இருக்கிற ஒகுஷா சன்னதி, அதோட திரும்பிடலாம், போட்டோவுல வர்றது எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. திரும்பி வரும்போது தூணோட பின்பக்கத்த பாருங்க, கருப்பு எழுத்துல கம்பெனி பேர், ஆள் பேர், தேதி. என்னன்னு கேட்டா எல்லாம் காணிக்கை குடுத்தவங்களாம். நம்ம கோயில் டியூப்லைட்டுல "உபயம்"னு எழுதியிருக்குமே, அதேதான்! அங்க இருக்கிறது நெல்லுக்கும் விளைச்சலுக்கும் உள்ள சாமி, நரி அதோட தூதுவர்.

கும்பிடுற முறையில பிள்ளைங்க குழம்பிடுவாங்க. தோரீ இருந்தா அது ஜப்பானோட சொந்த மதமான ஷின்டோ ஆலயம்: தண்ணித் தொட்டியில இடது கை, அப்புறம் வலது கை கழுவி, இடது கையில தண்ணி ஊத்தி வாய் கொப்பளிச்சிட்டு, சன்னதியில காசு போட்டு, ரெண்டு தடவ குனிஞ்சி, ரெண்டு தடவ கை தட்டி, இன்னொரு தடவ குனியணும். புத்தர் கோயில்ல கை தட்டக்கூடாது, சும்மா கும்பிட்டா போதும், அது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. நடுவுல ஓட்டை இருக்கிற 5 யென் காசு ராசின்னு சொல்வாங்க, சேர்த்து வச்சிக்கோங்க.

அடுத்தது சஞ்சுசாங்கென்தோ. மலையும் இல்ல மேடும் இல்ல, 120 மீட்டர் நீள மர மண்டபம், இப்ப இருக்கிறது 1266-ல திரும்பக் கட்டினது. உள்ள 1001 கன்னோன் சிலை, கன்னோன்னா புத்த மதத்துல கருணைக்கு உள்ள தெய்வம். ஆனா எங்க வீட்ட அசத்தினது அது இல்ல, முன்னாடி நிக்கிற 28 காவல் தெய்வங்கதான். நிறைய பேரு இந்தியாவுல இருந்து புத்த மதத்தோட போனவங்க. பறவை மூக்கோட ஒருத்தர் புல்லாங்குழல் ஊதிட்டு நிப்பாரு, பேரு கருரா. நம்ம கருடன்! போட்டோ எடுக்க விட மாட்டாங்க. செருப்ப கழட்டிட்டுத்தான் நடக்கணும், டிசம்பர் லீவுல அந்த மரத்தரை ஐஸ் மாதிரி இருக்கும், பெரியவங்களுக்கு தடி சாக்ஸ் ரெண்டு ஜோடி கட்டாயம்.

மத்தியான சாப்பாடு, சைவம்னா கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். காய்கறி சூப்புன்னு குடுப்பாங்க, அதுல தாஷின்னு மீன்ல எடுத்த சாறு இருக்கும். நாங்க அபார்ட்மெண்ட்ல சோறு வடிச்சி தயிர்சாதமா தாப்பாவ் பண்ணி எடுத்துட்டுப் போனோம், புளியோதரை பேஸ்ட் வீட்டுல இருந்தே கொண்டு போயிருந்தோம். செருண்டிங், சிக்கன் ஃப்ளோஸ் மட்டும் பேக் பண்ணிடாதீங்க, இறைச்சி அயிட்டம் ஜப்பானுக்குள்ள விட மாட்டாங்க. தெருவுல குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது, ஒரு பிளாஸ்டிக் பை வச்சிக்கோங்க.

கடைசியா தோஜி, 796-ல ஆரம்பிச்ச கோயில். அஞ்சு அடுக்கு கோபுரம் ஏறக்குறைய 55 மீட்டர், ஜப்பான்லயே உசரமான மரக்கோபுரம், எரிஞ்சி எரிஞ்சி திரும்பக் கட்டி இப்ப நிக்கிறது 1644-ல கட்டினது. அத வெளிய நின்னு பாத்தா போதும், நேரத்த கோதோங்கிற மண்டபத்துக்கு வைங்க. அங்க நாலு முகத்தோட பிரம்மா வாத்து மேல, யானை மேல இந்திரன். பேரு போன்தென், தைஷாகுதென்னு மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான். அம்மா யானைய பாத்ததும் யாரும் சொல்லாமலே "இது ஐராவதம்ல?"ன்னு கேட்டு, அப்படியே கையெடுத்து கும்பிட்டுட்டு அஞ்சு நிமிஷம் நகரல. வெளிய வந்து கேட்டது ஒண்ணுதான், "விபூதி தர மாட்டாங்களா?" பூசாரி ஹோமம் கூட வளர்ப்பாங்கம்மா, கோமான்னு பேரு, விபூதிதான் கிடையாதுன்னேன். பாதி சமாதானம்.

டிசம்பர்ல 5 மணிக்கெல்லாம் இருட்டிடும், கோயில்களும் அந்த நேரத்துக்குள்ள பூட்டிடுவாங்க, அதனால தோஜிக்கு 3 மணிக்குள்ள வந்துடுங்க. பக்கத்து ஊரு நாராவையும் இதே நாள்ல சொருகலாமான்னு கேப்பீங்க, வேண்டாம். 752-ல போதிசேனாங்கிற இந்திய பிக்கு கண் திறந்து வச்ச பெரிய புத்தர் அங்க இருக்காரு, அவருக்கு தனி நாள் குடுங்க.

தேதியையும் பாத்துக்கோங்க. மாசாமாசம் 21-ஆம் தேதி தோஜிக்குள்ள சந்தை, நம்ம ராத்திரி சந்தை பசார் மாலாம் மாதிரி, ஆனா பகல்ல. டிசம்பர் 21 இன்னும் பெருசு. நாங்க தெரியாம அன்னிக்கே போய் மாட்டினோம், வண்டி நிறுத்த இடமில்ல, டிரைவர் தூரமா இறக்கி விட்டுட்டாரு, கூட்டத்துல அம்மாவ கைய புடிச்சி கூட்டிட்டுப் போக வேண்டியதாயிடுச்சு. அக்கா மட்டும் சந்தோஷமா ஒரு இரும்புக் கெண்டி வாங்கிட்டா, ஏர்போர்ட்ல அத யாரு ஹேண்ட்கேரியில தூக்குறதுன்னு சண்டை.