குறைவாக ஓடிய ஃபெராரி 308: திணறல் தீர்ந்த விதம்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வைத்த ஃபெராரி 308 ஜிடிபி கார். ஓடிய தூரம் குறைவு, பெயின்ட் அசல், தோல் இருக்கை கசங்கவே இல்லை. ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திணறி, கார்புரேட்டர் வழியாகவே வெடிக்கும். ஓடாமல் நின்ற வண்டியில் ரப்பரும் பெட்ரோலும்தான் முதலில் கெடும்.

ஆனாலும் முதல் வேலை டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பட்டை. இரண்டு பெல்ட்டையும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்குகளையும் மாற்றினேன். இதற்கு வயதுதான் கணக்கு, கிலோமீட்டர் அல்ல. அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். புது பெல்ட் போட்டதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வால்வு கவர்களைத் திறந்து, கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) குறிகளும் ஃப்ளைவீல் குறியோடு சேர்ந்தே ஆக வேண்டும்.

அடுத்து இரண்டு டேங்கையும் வடித்து, ஃபில்டரையும் எல்லா பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றினேன். பழைய ஹோஸ் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வளைத்தால்தான் வெடிப்பு தெரியும். சூடான எஞ்சின்மேல் கசிந்தால் தீதான்; இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

திணறலுக்குக் காரணம், நான்கு வெபர் 40 டிசிஎன்எஃப் கார்புரேட்டர்களிலும் ஆக்சிலரேட்டர் பம்ப் டயாஃப்ரம் (மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் சவ்வு) விறைத்திருந்தது. எட்டு ஐடில் ஜெட்டிலும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது பெட்ரோல் போகும் நுண்துளை) பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருந்தது. ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். மாட்டியபின் காற்றோட்ட மீட்டரால் கார்புரேட்டர்களைச் சமன் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடானபின் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் எட்டு மிக்ஸ்ச்சர் திருகுகளையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். ஐடில் 1000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1000 சுற்று) நின்றது, திணறலும் போனது.

கழற்றிய அசல் பாகங்களைப் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். பின்னால் வாங்குகிற சேகரிப்பாளர் கேட்பார்.