கட்டளை வரியிலிருந்து அச்சிடுதல்: பணியை அனுப்புவதும் வரிசையைக் கவனிப்பதும்

லினக்ஸ் கணினிகளிலும் மேக் கணினிகளிலும் அச்சு வேலையைப் பின்னணியில் நடத்துவது கப்ஸ் என்னும் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1997-இல் உருவாக்கத் தொடங்கிய இந்த அமைப்பு, 2002-இல் வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2 முதல் ஆப்பிள் கணினிகளிலும் இடம்பெற்றது. எழுதுசெயலியில் அச்சிடும் பொத்தானை அழுத்தினாலும், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் ஒரு கட்டளையை இட்டாலும், பணி போய்ச் சேர்வது இந்தக் கப்ஸிடம்தான். பொத்தானை அழுத்தியவருக்கு அதன்பின் நடப்பது கண்ணில் படுவதில்லை; கட்டளை வரியில் இருப்பவர் பணியைத் தொடர்ந்து பார்க்கலாம், நிறுத்தி வைக்கலாம், வேறு அச்சுப்பொறிக்கு மாற்றலாம். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைந்து வேலை செய்பவருக்குப் பெரும்பாலும் இதைவிட்டால் வேறு வழியும் இல்லை.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அச்சுக் கட்டளை கோப்பை அச்சுப்பொறியிடம் கொடுப்பதில்லை. வரிசை ஒன்றில் சேர்க்கிறது. பணி வேறு, அது காத்திருக்கும் வரிசை வேறு, காகிதத்தை இழுக்கும் பொறி வேறு. அச்சு வராதபோது இவற்றுள் எது நின்றுபோயிருக்கிறது என்று பார்க்காமல் மீண்டும் மீண்டும் கட்டளையை இடுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் விளைகின்றன.

இந்தக் கட்டுரையில் கட்டளைகள் ஒலிப்புப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன; தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். எல்பி என்பது எல், பி என்னும் இரண்டே எழுத்துகள். எல்பிஸ்டாட் என்பது அவ்விரண்டோடு ஸ்டாட் சேர்ந்தது. பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களை ஆங்காங்கே குறித்திருக்கிறேன். அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரே எழுத்து சிறியதாக இருந்தால் ஒரு பொருளும் பெரியதாக இருந்தால் வேறு பொருளும் தரும்.

அனுப்புவதற்கு முன்

எந்தெந்த அச்சுப்பொறிகள் அமைக்கப்பட்டுள்ளன, அவற்றுள் இயல்பானது (பெயர் குறிக்காதபோது பணி போகும் அச்சுப்பொறி) எது என்பதை இந்தக் கட்டளை காட்டும்:

எல்பிஸ்டாட் -பி -டி

ஒவ்வொரு அச்சுப்பொறிக்கும் ஒரு வரி வரும். அது ஓய்வில் இருக்கிறதா, ஒரு பணியை அச்சிட்டுக்கொண்டிருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா என்பது அந்த வரியிலேயே இருக்கும். கடைசி வரி இயல்பு அச்சுப்பொறியின் பெயர். அப்படி எதுவும் அமைக்கப்படவில்லை என்று பதில் வந்தால், "எல்பிஆப்ஷன்ஸ் -டி" என்பதோடு அச்சுப்பொறியின் பெயரைச் சேர்த்து இட்டு, உங்கள் கணக்குக்கு மட்டும் ஒன்றை இயல்பாக்கிக்கொள்ளலாம். கணினியில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து அமைக்க வேண்டுமானால் நிர்வாகி உரிமையோடு "எல்பிஅட்மின் -டி" என்னும் கட்டளையை இட வேண்டும். சூழல் மாறிகளில், அதாவது நிரல்கள் படிப்பதற்காகப் பெயரிட்டு வைக்கும் மதிப்புகளில், எல்பிடெஸ்ட், பிரிண்டர் என்ற இரண்டையும் கப்ஸ் பார்க்கிறது (இரண்டும் முழுதும் பெரிய எழுத்துகள்). அமைத்த இயல்பு அச்சுப்பொறிக்குப் போகாமல் பணி வேறெங்கோ போகிறதென்றால், யாரோ எப்போதோ எழுதி வைத்த தொடக்கக் கோப்பில் இவற்றுள் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அனுப்புதல்

மாடி என்ற பெயருள்ள அச்சுப்பொறிக்கு அறிக்கை ஒன்றை அனுப்புவதாகக் கொள்வோம்:

எல்பி -டி மாடி அறிக்கை.பிடிஎஃப்

கட்டளை ஏற்கப்பட்டால், மாடி-42 என்பது போன்ற அடையாளம் ஒன்று திரையில் வரும். வரிசையின் பெயரும் பணியின் எண்ணும் சேர்ந்த இந்த அடையாளத்தைக் கொண்டுதான் பின்னால் பணியை நிறுத்தவோ மாற்றவோ முடியும். இந்த வரி, பணி வரிசையில் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே சான்று. காகிதம் வெளியே வந்தது என்பதற்கு அல்ல.

இதே வேலைக்கு எல்பிஆர் என்ற இன்னொரு கட்டளையும் உண்டு. எல்பி, சிஸ்டம் ஃபைவ் வகை யூனிக்ஸிலிருந்து வந்தது. எல்பிஆர், பெர்க்லி வகையிலிருந்து வந்தது. இரண்டு மரபினரையும் கைவிடக் கூடாது என்பதற்காகக் கப்ஸ் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. அதனால் விளைந்த ஒரு கண்ணியில் அனுபவமுள்ளவர்களே சிக்குவதுண்டு: எல்பிஆரில் பெரிய எழுத்துப் பி என்பது அச்சுப்பொறியின் பெயரைக் குறிக்கும், எல்பியில் அதே பெரிய எழுத்துப் பி அச்சிட வேண்டிய பக்கங்களைக் குறிக்கும். படிகளின் எண்ணிக்கைக்கு எல்பியில் -என் என்றும் எல்பிஆரில் சிறுகோட்டையடுத்து எண் குறியும் (#) இட வேண்டும். ஒரு மரபைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிலைத்திருப்பது உத்தமம். இங்கே எல்பியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதல் நான்கு பக்கங்களையும் ஏழாம் பக்கத்தையும் மூன்று படிகளாக, தாளின் இருபுறமும் அச்சிட விரும்பினால் கட்டளை இப்படி அமையும் (பக்கங்களுக்கு முன் உள்ள பி பெரிய எழுத்து):

எல்பி -டி மாடி -என் 3 -பி 1-4,7 -ஓ சைட்ஸ்=டூ-சைடட்-லாங்-எட்ஜ் அறிக்கை.பிடிஎஃப்

லாங்-எட்ஜ் என்றால் தாளின் நீண்ட ஓரத்தில் புரட்டும் வகை. நிமிர்ந்த பக்கங்களுக்கு ஏற்றது. படுக்கைவாட்டுப் பக்கங்களுக்கு அதன் இடத்தில் ஷார்ட்-எட்ஜ் என்று இட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் தலைகீழாக வரும். ஒரு தாளில் இரண்டு பக்கங்களைச் சேர்த்து அச்சிட "-ஓ நம்பர்-அப்=2" என்பதும், தாளின் அளவைக் குறிக்க "-ஓ மீடியா=ஏ4" என்பதும், பெரிய படத்தைத் தாளுக்குள் அடக்க "-ஓ ஃபிட்-டு-பேஜ்" என்பதும் உதவும்.

ஒரு குறிப்பிட்ட அச்சுப்பொறி எவற்றையெல்லாம் ஏற்கும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. "எல்பிஆப்ஷன்ஸ் -பி மாடி -எல்" என்று கேட்டால், அது ஏற்கும் தெரிவுகள் அனைத்தும் வரிசையாக வரும். இப்போது நடப்பில் இருப்பதன் முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். இருபுற அச்சுக்கான உறுப்பே இல்லாத பொறியிடம் அதைக் கேட்டால், பிழை எதுவும் சொல்லாமல் ஒருபுறமாகவே அச்சிட்டுக் கொடுத்துவிடக்கூடும் என்பதால் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்து வைப்பது தாளை மிச்சப்படுத்தும்.

பல கோப்புகளை ஒரே கட்டளையில் கொடுத்தால் அவை அனைத்தும் ஒரே பணியாகவே சேரும். நடுவில் ஒன்றை மட்டும் நீக்க இயலாது. ஒவ்வொன்றும் தனிப் பணியாக வேண்டுமென்றால், கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல்லின் சுழல் கட்டளைக்குள் எல்பியை வைத்துக் கோப்புக்கு ஒருமுறை இயக்க வேண்டும். நட்சத்திரக் குறியால் கோப்புகளைக் குறிப்பவர்கள், ஷெல் அவற்றை எழுத்து வரிசையில் அடுக்கும் என்பதை மறக்கக் கூடாது: பக்கம்10 என்ற கோப்பு பக்கம்2 என்பதற்கு முன்னால் அச்சாகும். பெயர் சூட்டும்போதே 02, 10 என்று சுழியம் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இராது.

கோப்பின் வகையும் முக்கியம். பிடிஎஃப், வெற்று உரை, ஜேபெக் படம் போன்றவற்றைக் கப்ஸ் நேரடியாக எடுத்துக்கொள்ளும்; எழுதுசெயலியின் ஆவணத்தை அப்படியே கொடுத்தால், இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை என்று மறுத்துவிடும். லிப்ரே ஆஃபீஸ் நிறுவப்பட்டிருந்தால் "எஸ்ஆஃபீஸ் --ஹெட்லெஸ் --கன்வெர்ட்-டு பிடிஎஃப்" என்பதோடு கோப்பின் பெயரைச் சேர்த்து இட்டு, சாளரம் எதையும் திறக்காமலே பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். தமிழ் உரைக்கோப்புகளுக்கும் இந்த வழியையே பரிந்துரைப்பேன். வெற்று உரையாக அனுப்பினால், கொம்பும் காலும் இடம் மாறியோ எழுத்துகள் கட்டங்களாகவோ வர வாய்ப்புண்டு. பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால், திரையில் கண்டதே தாளிலும் வரும்.

அனுப்பிய பின்

காத்திருக்கும் பணிகளை "எல்பிஸ்டாட் -ஓ" காட்டும்: அடையாளம், அனுப்பியவரின் பெயர், பைட்டுகளில் அளவு, அனுப்பிய நேரம். முடிந்துபோன பணிகளைக் காண, "எல்பிஸ்டாட் -டபிள்யூ கம்ப்ளீட்டட் -ஓ" என்று இட வேண்டும். இங்கே டபிள்யூ பெரிய எழுத்து. அச்சு வந்ததா என்ற ஐயம் எழும்போது முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டு பட்டியல்களே. பணி முதல் பட்டியலில் இருந்தால் இன்னும் காத்திருக்கிறது. இரண்டாவதில் இருந்தால் கப்ஸைப் பொறுத்தவரை அந்தப் பணியின் கணக்கு முடிந்துவிட்டது, இனித் தேட வேண்டியது அச்சுப்பொறியின் பக்கத்தில்.

பணியை நீக்க "கேன்சல் மாடி-42" போதும். அந்த வரிசையில் உள்ள அனைத்தையும் நீக்க "கேன்சல் -ஏ மாடி" என்று இட வேண்டும். பொதுவாகத் தன் பணியை ஒருவர் தானே நீக்கலாம். பிறருடையதை நீக்க நிர்வாகி உரிமை வேண்டும். அச்சுப்பொறியின் நினைவகத்துக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்ட பக்கங்கள் நீக்கிய பிறகும் சில வந்து விழக்கூடும். அவற்றை நிறுத்த வேண்டுமென்றால் பொறியில் உள்ள நிறுத்தும் பொத்தானையே நாட வேண்டும்.

நீக்காமல் நிறுத்தி வைக்கவும் முடியும். "எல்பி -ஐ மாடி-42 -ஹெச் ஹோல்ட்" என்பது பணியைக் காத்திருக்கச் செய்யும். ஹோல்ட் இருக்கும் இடத்தில் ரெஸ்யூம் என்று இட்டால் அது மீண்டும் ஓடத் தொடங்கும் (ஹெச் பெரிய எழுத்து). அதே இடத்தில் 18:30 என்பது போல நேரத்தையும் கொடுக்கலாம், ஆனால் அது உள்ளூர் நேரமல்ல, யூடிசி என்னும் உலகப் பொது நேரம். இந்தியாவில் மாலையில் அச்சிட நினைத்துக் கொடுத்த பணி நள்ளிரவில் ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கும். முன்னுரிமையை 1 முதல் 100 வரையுள்ள எண்ணால் -கியூ என்னும் தெரிவில் கொடுக்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் 50. அவசரமான இரண்டு பக்கங்கள் முந்நூறு பக்கக் கையேட்டின் பின்னால் காத்திருக்கும்போது "எல்பி -ஐ மாடி-43 -கியூ 90" என்று உயர்த்தினால், கையேடு இன்னும் அச்சேறத் தொடங்கவில்லை என்றால், அது முன்னால் வந்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பணியை இது இடைமறிக்காது.

அச்சுப்பொறி பழுதாகிவிட்டால் பணிகளை அழித்துவிட்டு மறுபடி அனுப்ப வேண்டியதில்லை. "எல்பிமூவ் மாடி கூடம்" என்பது ஒரு வரிசையில் உள்ள எல்லாவற்றையும் மற்றொன்றுக்கு மாற்றிவிடும். முதலில் பணியின் அடையாளத்தைக் கொடுத்தால் அது ஒன்றை மட்டும் மாற்றும்.

வரிசை நின்றுபோனால்

யூஎஸ்பி கம்பி கழன்றபோது ஒரு பணி ஓடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். பிழை நேர்ந்தால் வரிசையை நிறுத்திவிடும்படி கப்ஸ் அமைக்கப்பட்டிருந்தால், அது வரிசையை முடக்கிவிடும். கம்பியை மீண்டும் செருகினாலும் தானாகத் தொடங்காது. இதற்குள் பயனர், வரவில்லையே என்று ஐந்து முறை அனுப்பியிருப்பார். முடக்கப்பட்ட வரிசையும் புதிய பணிகளை ஏற்றுக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அடையாள எண் ஒழுங்காகவே கிடைத்திருக்கும். வரிசை திறக்கப்பட்டதும் அத்தனையும் அடுத்தடுத்து வெளியே வரும்.

இதை அறிய "எல்பிஸ்டாட் -பி மாடி" என்று கேட்டு, முடக்கப்பட்டதாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். சொன்னால், முதலில் "எல்பிஸ்டாட் -ஓ" பட்டியலைப் பார்த்து மிகையான பணிகளை நீக்கிவிட்டு, அதன் பிறகே "கப்ஸ்எனேபிள் மாடி" என்று இட வேண்டும். இந்த முறை மாறினால் தாள்தான் வீணாகும். முடக்குவதற்குக் கப்ஸ்டிசேபிள், பணிகளை ஏற்பதையே நிறுத்தக் கப்ஸ்ரிஜெக்ட், மீண்டும் ஏற்கக் கப்ஸ்அக்செப்ட். தாள் மாற்றும் சில நிமிடங்களுக்கு முதலாவது போதும். பொறியைப் பழுதுபார்க்க அனுப்பும்போது இரண்டாவதையும் சேர்த்து இட்டால், அனுப்புபவருக்கு உடனே மறுப்புத் தெரியும். வராத அச்சுக்காக அவர் காத்திருக்க மாட்டார்.

காரணம் புலப்படாதபோது, லினக்ஸில் வார் என்ற கோப்புறைக்குள் உள்ள லாக், அதனுள் கப்ஸ், அதனுள் எரர்_லாக் என்னும் பதிவைத் திறந்து பார்க்கலாம். வழக்கமான பதிவு சுருக்கமாகவே இருக்கும். "கப்ஸ்சிடிஎல் --டீபக்-லாகிங்" என்று நிர்வாகி உரிமையோடு இட்டு, பணியை ஒருமுறை அனுப்பிவிட்டுப் பார்த்தால் கோப்பை அச்சுக்கேற்ற வடிவுக்கு மாற்றும் வடிகட்டிகள் ஒவ்வொன்றும் என்ன செய்தன என்பது வரிவரியாக வரும். வேலை முடிந்ததும் "--நோ-டீபக்-லாகிங்" என்று கொடுத்து அதை அணைத்துவிட வேண்டும்.

முடிந்த பணியைக் கோப்பு இல்லாமலே மறுபடி அச்சிடவும் வழி உண்டு: "எல்பி -ஐ மாடி-42 -ஹெச் ரீஸ்டார்ட்" (இங்கும் ஹெச் பெரிய எழுத்து). கப்ஸின் இயல்பு அமைப்பில் அச்சிட்ட கோப்பு 86400 நொடிகள், அதாவது ஒரு நாள், கணினியிலேயே இருப்பதால்தான் இது இயலுகிறது. பலர் பயன்படுத்தும் கணினியில் இரகசிய ஆவணத்தை அச்சிட்டவர்கள் இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். "கேன்சல் -எக்ஸ்" என்பதோடு பணியின் அடையாளத்தைக் கொடுத்தால் பணியின் கோப்புகளும் சேர்ந்து அழியும்.

புதிய அச்சுப்பொறியைச் சேர்க்க எல்பிஅட்மின் கட்டளையில் -பி என்பதோடு பெயரும், -வி என்பதோடு முகவரியும், -எம் என்பதோடு எவ்ரிவேர் என்ற சொல்லும் தர வேண்டும். ஐபிபி என்னும் இணைய அச்சு நெறிமுறையில் 631-ஆம் போர்ட்டில் பேசும் இன்றைய அச்சுப்பொறிகள் பலவற்றுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது. இங்கே பெரிய எழுத்து ஈ ஒன்றும் உண்டு. அது -பி மாடி என்பதற்குப் பின்னால் வந்தால் வரிசையைத் திறந்து பணிகளை ஏற்கச் செய்யும். முன்னால் வந்தால் சர்வரோடு மறையாக்கத்தைக் கோரும். இடம் மாறினால் அச்சுப்பொறி சேர்ந்தும் அசையாமல் கிடக்கும்.

விண்டோஸில் கட்டளைகள் வேறு. பவர்ஷெல்லில் கெட்-பிரிண்டர் அச்சுப்பொறிகளையும், கெட்-பிரிண்ட்ஜாப் பணிகளையும் காட்டும், ரிமூவ்-பிரிண்ட்ஜாப் நீக்கும். நீக்கியும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பணிக்கு, நிர்வாகி உரிமையோடு "நெட் ஸ்டாப் ஸ்பூலர்" என்று இட்டு, அச்சு வரிசையை நடத்தும் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் என்ற இடத்திலுள்ள கோப்புகளை அழித்துவிட்டு, "நெட் ஸ்டார்ட் ஸ்பூலர்" என்று மீண்டும் தொடங்க வேண்டும். அந்தக் கோப்புறையில் எல்லா அச்சுப்பொறிகளின் பணிகளும் கலந்திருக்கும் என்பதால், பிறருடைய பணி ஏதும் காத்திருக்கிறதா என்பதை ஸ்பூலரை நிறுத்துவதற்கு முன்பே கெட்-பிரிண்ட்ஜாப் கொண்டு பார்த்துவிட வேண்டும்.