பலகை வைத்தபின் விழித்துக்கொள்கிறவர்களுக்கு: நகரத் திட்டத்தில் குடியிருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு குடியிருப்போர் சங்கத்திலிருந்து நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் தடிமனான ஒரு கோப்பு. அவர்கள் தெருமுனையில் வணிகக் கட்டடம் ஒன்று வரப்போகிறதாம், எப்படியாவது தடுக்க வேண்டுமாம். கோப்பைப் புரட்டினேன். கையெழுத்துகள், புகைப்படங்கள், மூன்று அலுவலகங்களுக்குப் போன மனுக்களின் நகல்கள். "நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அந்த மனை எந்த வகையில் இருக்கிறது?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதே தடிமனில் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்துக்கு நேரத்தோடு போங்கள், மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

## கட்டடத்தோடு சண்டைக்குப் போவது

எங்கள் விளையாட்டுத் திடலை ஒட்டி ஒரு பழைய கிடங்கு இருந்தது. தகரக் கூரை, ஒற்றைத் தளம். ஒருநாள் காலையில் அதன் வாசலில் பலகை முளைத்தது: ஏழு தளங்கள். அன்றைக்குத்தான் நாங்கள் விழித்தோம். இரண்டு மாதம் சனி, ஞாயிறு பார்க்காமல் வீடு வீடாக ஏறி 640 கையெழுத்து வாங்கினோம்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இளம் அதிகாரி ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் வரைபடத்தை மேசையில் விரித்து, பென்சில் முனையால் எங்கள் திடலுக்குப் பக்கத்தில் தொட்டுக் காட்டினார். "இந்தச் சாலையோரம் முழுக்கக் கலப்புப் பயன்பாடு, அதாவது வீடும் கடையும் சேர்ந்து வரலாம், ஏழு தளம் வரைக்கும் அனுமதி என்று முழுமைத் திட்டத்தில் வந்து ஆறு வருஷம் ஆகிறது சார். வரைவை வெளியிட்டு 60 நாள் ஆட்சேபனை கேட்டோம். உங்கள் பகுதியிலிருந்து மொத்தம் இரண்டு கடிதம்தான் வந்தது." அதில் ஒன்று தெருவிளக்கு எரியவில்லை என்பது.

அந்த 60 நாளும் நான் அதே வீட்டில்தான் குடியிருந்தேன். இன்னும் மோசம், அறிவிப்பைப் பார்க்கவும் பார்த்தேன். நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. திட்டம்தானே, இருபது வருஷத்துக்கு அப்புறம் நடப்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து உள்ளே போய்ப் பத்திரிகை படித்தேன்.

விஷயம் இதுதான். முழுமைத் திட்டம் என்கிற நகரத்தின் நீண்டகாலத் திட்டம் பெரும்பாலும் 20 வருஷத்தைக் கணக்கில் வைத்து எழுதப்படுகிறது. எந்தப் பக்கம் ஊர் வளரும், எங்கே சாலை அகலமாகும், எது பூங்காவாக நிற்கும் என்பதை அது சொல்கிறது. அதை மனை மனையாக விதியாக்குவது மண்டல வகைப்பாடு. ஒவ்வொரு மண்டலத்துக்கும் பெரும்பாலும் மூன்று பட்டியல் இருக்கும்: நேரடியாக அனுமதிக்கப்படுபவை, நிபந்தனையோடு அனுமதிக்கப்படுபவை, தடை செய்யப்பட்டவை. கூடவே உயரம், சுற்றிலும் விட வேண்டிய இடம், தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு மொத்தத் தளப்பரப்பு கட்டலாம் என்ற எண்).

ஒரு கட்டடம் முதல் பட்டியலில் இருந்து, அளவுகளும் சரியாக இருந்தால், அதிகாரியின் வேலை அநேகமாக அளந்து பார்ப்பதோடு முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்று மறுத்தால், விண்ணப்பித்தவர் மேல்முறையீட்டில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். இரண்டாவது பட்டியலில் இருந்தாலோ, யாராவது விதிவிலக்கு கேட்டாலோதான் உங்கள் குரலுக்கு எடை. எந்தப் பட்டியல் என்று தெரியாமல் கையெழுத்து வாங்கக் கிளம்புவது, எந்த ரயில் என்று கேட்காமல் ஏறி உட்காருவது மாதிரி.

பட்டியலைப் பார்த்தவர்களும் குறியீட்டில் வழுக்குகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "குறியீடு 2 என்று போட்டிருக்கிறது, இரண்டு மாடிக்கு மேல் கட்ட முடியாது" என்று அடித்துச் சொன்னார். எல்லோரும் நம்பினோம். குறியீடு மாடிகளை எண்ணுவதில்லை. 1,000 சதுர மீட்டர் மனையில் குறியீடு 2 என்றால் எல்லாத் தளங்களும் சேர்ந்து 2,000 சதுர மீட்டர். மனையில் பாதியை மூடிக் கட்டினால் நான்கு தளம். கால்வாசியை மட்டும் மூடினால் எட்டு. உயர வரம்பு எங்கே நிறுத்துகிறதோ அதுவரை போகும். எங்களுக்கு ஏழில் நின்றது. மாலை நான்கு மணிக்கு அதன் நிழல் குழந்தைகளின் சறுக்குமரத்தைத் தாண்டி மணல்குழி வரைக்கும் வந்துவிடுகிறது.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. நியூயார்க்கில் 1915-இல் கட்டி முடித்த ஈக்விட்டபிள் கட்டடம், சுமார் 40 தளங்களோடு எங்குமே உள்வாங்காமல் நேராக எழும்பிச் சுற்றுத் தெருக்களின் வெளிச்சத்தை மறைத்தது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1916-இல் அந்த நகரத்தின் மண்டல விதிகள் பிறந்தன. உயரே போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்றார்கள். விதி வந்தது, ஆனால் ஈக்விட்டபிள் இன்றைக்கும் அங்கேயேதான் நிற்கிறது. புது விதி பொதுவாகப் பழைய கட்டடத்தைத் தொடாது.

எனக்கு எரிச்சல் என்னவென்றால், பலகை வைத்தபின் இரண்டு மாதத்தைக் கொட்டுகிறவர்கள், வரைவு வெளியாகும்போது இரண்டு மாலையைக்கூடத் தருவதில்லை. வரைவு நிலையில் ஒரு கோட்டை நகர்த்தக் காரணத்தோடு எழுதிய ஒரு கடிதமே போதுமானதாக இருக்கலாம். அதுவே ஒப்புதல் ஆகிவிட்டால் திருத்த முன்மொழிவு, அறிவிப்பு, மறுபடி ஆட்சேபனை என்று மொத்தச் சக்கரத்தையும் சுற்ற வேண்டும். அடுத்த மறுஆய்வு எப்போது என்று இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். வரைவு வந்ததும் முதலில் வரைபடத்தில் உங்கள் தெருவுக்கு எந்த மண்டலத்தின் நிறம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்த நிறத்துக்கு உரிய அட்டவணையை, அடிக்குறிப்பு உட்பட. எங்கள் ஏழு தளம் ஓர் அடிக்குறிப்பில்தான் இருந்தது.

## ஒரே கடிதத்தை நூறு நகல் எடுப்பது

எங்கள் 640 கையெழுத்து என்ன ஆனது தெரியுமா? ஆட்சேபனைகளைத் தொகுத்த அட்டவணையில் அது ஒரே ஒரு வரி. "போக்குவரத்து நெரிசல் குறித்த கவலை." எதிரே பதில் பத்தியில்: "குறித்துக்கொள்ளப்பட்டது."

ஒரே வாசகம் எத்தனை பேர் அனுப்பினாலும் ஒரே கருத்தாகத்தான் தொகுப்பார்கள். பத்துப் பேர் அவரவர் பார்த்ததை எழுதினால் பத்து வரி. பள்ளி விடும் நேரத்தில் சாலையைக் கடப்பது பற்றி ஒருவர், மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று ஒருவர்.

## சொத்து மதிப்பு குறையும் என்று வாதாடுவது

வேண்டாம். திட்டக் காரணமாக அதை எடுத்துக்கொள்வது அபூர்வம், கேட்கிறவர்களுக்கு உங்கள் மேல் இருந்த அனுதாபமும் போய்விடும்.

## கூட்டத்தில் கத்துவது

கத்தல் நடவடிக்கைக் குறிப்பில் ஏறாது.

## கருத்துக் கேட்டதையே வெற்றியாக நினைப்பது

மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக 1969-இல் வகுத்துக் காட்டினார் அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன். கருத்துக் கேட்பது அதில் நான்காவது படிதான். கேட்டுவிட்டு ஒதுக்கவும் அங்கே இடம் உண்டு என்பதால் அதைப் பெயரளவுப் பங்கேற்பில் சேர்த்தார். ஆகவே கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கப் போகும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் எந்தத் தேதிக்குள் வரும்? ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தருவீர்களா?

## வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் கூடுவது

எங்கள் முதல் குழுவில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். கூட்டம் காலை பதினொரு மணிக்கு. வேலைக்குப் போகிறவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள் ஒருவரும் இல்லை. 20 வருஷத் திட்டத்தில் இன்றைக்குப் பதினைந்து வயசுப் பிள்ளைதான் அதிக நாள் வாழப்போகிறது. அதை யாரும் கூப்பிடவில்லை. மாலை ஏழுக்கு மாற்றியபின் வந்த வாடகைக்காரர் ஒருவர்தான், கடைசிப் பேருந்து நின்றால் தன் வேலையே போய்விடும் என்று சொன்னார். எங்களில் யாருக்கும் தோன்றாத விஷயம் அது.

## வேண்டாம் என்று மட்டும் சொல்வது

வளர்ச்சி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அடுத்த மறுஆய்வில் நாங்கள், பிரதான சாலையில் ஆறு தளம் சரி, திடலை ஒட்டி மூன்றுக்கு இறங்க வேண்டும் என்று கோடு போட்டே கொடுத்தோம். நான்கு என்று வந்தது. சரி, பரவாயில்லை.

## ஜெயித்ததும் கலைந்துபோவது

நியூயார்க்கில் மன்ஹாட்டனின் கீழ்ப்பகுதியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகவிருந்த விரைவுச்சாலையை எதிர்த்து அங்கே குடியிருந்தவர்கள் போராடினார்கள். 1962-இல் நகரத்தின் மதிப்பீட்டு வாரியம் (Board of Estimate) அதை நிராகரித்தது. ஆனால் வரைபடத்தில் கோடு அப்படியே இருந்தது, திட்டமும் திரும்பத் திரும்பத் தலைதூக்கியது. 1969-இல் வரைபடத்திலிருந்து அதை எடுத்தபின்தான் ஓய்ந்தது.

எங்கள் பின்தெருவிலும் ஒரு சாலை விரிவாக்கக் கோடு இருக்கிறது. கைவிட்டாயிற்று என்று வாய்மொழியாகச் சொல்லி எட்டு வருஷம் ஆகிறது. வரைபடத்தில் மட்டும் இன்னும் ஏழு வீட்டுத் திண்ணை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதை எடுக்கச் சொல்லும் மனுவை எழுதித் தயாராக வைத்துவிட்டேன், தேதி மட்டும்தான் போடவில்லை.