பாராட்டிய கடிதமே மெமோவாகத் திரும்பக் கூடாது

மகளின் பிரசவத்துக்குப் பாரீஸ் போய் வந்த புதுச்சேரி அம்மா, பேரனைப் பார்க்கச் சிங்கப்பூர் போன கடலூர் தாத்தா, பரங்கிப்பேட்டையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞர். யாராக இருந்தாலும் ஊர் திரும்பியதும் ஒரு விமானப் பணியாளரைப் பற்றிச் சொல்வார்கள். "முட்டி வலின்னு ஒரு தடவைதான் சொன்னேன், எறங்குற வரைக்கும் வந்து வந்து பாத்துட்டுப் போச்சு அந்தப் பொண்ணு." வீட்டில் உள்ள பிள்ளை உடனே விமான நிறுவனத்துக்கு நாலு வரி மின்னஞ்சல் தட்டிவிடுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நாலு வரி பல நேரம் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேருவதில்லை. சில நேரம் சேர்ந்து, அவருக்கே வினையாகிறது.

மரியாதையாக எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புதிதாக எழுத உட்காருகிறவர்கள், இப்படிக் கடிதம் எழுதிப் பழகிய நாங்கள் தொடக்கத்தில் வழுக்கிய அதே இடங்களில்தான் இன்றும் வழுக்குகிறார்கள். அந்த இடங்களை மட்டும் பார்ப்போம்.

"முன்பக்கம் நின்ற அக்கா" என்று எழுதுவது

விமானத்தில் 50 இருக்கைக்கு ஒரு பணியாளராவது இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. 2024 டிசம்பரில் புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ தொடங்கிய சேவையில் ஓடுவது 78 இருக்கை கொண்ட ஏடிஆர் என்ற சிறிய விமானம். அதில் இரண்டே பேர்தான். முன்பக்கம் நின்றவர் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். சென்னையிலிருந்து போகும் ஏ320 விமானத்தில் நான்கு பேர். போயிங் 777 என்றால் பத்துப் பேருக்கு மேல். அங்கே "முன்பக்கத்து அக்கா" என்பது யாரையும் குறிக்காது.

நிறுவனம் ஆளைத் தேடுவது பணிப் பட்டியலில். அதைத் திறக்க விமான எண்ணும் தேதியும் வேண்டும். அதற்குப் பிறகுதான் பெயர். சட்டையில் குத்தியிருக்கும் பட்டையில் பெரும்பாலும் முதற்பெயர் மட்டும்தான் இருக்கும். ஒரே விமானத்தில் இரண்டு பிரியாக்கள் இருக்கலாம். ஆகவே உங்கள் இருக்கை எண்ணையும், அவர் எந்தப் பக்கத்து நடைபாதையில் சாப்பாடு கொடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வடகிழக்கு மாநிலத்துப் பெயரோ வெளிநாட்டுப் பெயரோ என்றால் காதில் விழுந்ததை எழுதாமல், பட்டையில் உள்ள எழுத்துகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "உங்களைப் பத்தி நல்லவிதமா எழுதணும், பேரு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டாலே போதும், அவரே எழுதித் தருவார். தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.

தேதியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். அதிகாலை 2 மணிக்குச் சென்னையில் விமானம் என்றால், கடலூர்க்காரர் முந்தின நாள் மாலையே கார் ஏறியிருப்பார். வீட்டை விட்டுக் கிளம்பிய 14ஆம் தேதி மனத்தில் நிற்கும். டிக்கெட்டில் இருப்பது 15. விமான எண் தினமும் ஒன்றேதான். 14 என்று எழுதினால் அந்தப் பாராட்டு, உங்களைப் பார்த்தே இராத வேறொரு குழுவின் பட்டியலில் போய் நிற்கும். அங்கே அந்தப் பெயரில் ஆள் இல்லை என்றால் அதோடு முடிந்தது.

துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறியிருந்தால் இரண்டு பயணத்துக்கும் இரண்டு வேறு குழுக்கள். எந்தப் பகுதியில் நடந்தது என்று சொல்லுங்கள். டிக்கெட் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்க, பறந்த விமானம் அதனுடன் கூட்டு வைத்துள்ள வேறு நிறுவனத்துடையதாக இருப்பதும் உண்டு. டிக்கெட்டில் விமானத்தை இயக்குபவர் யார் என்று தனியாக ஒரு வரி இருக்கும். கடிதம் போக வேண்டியது அவருக்கு.

வீல்சேர் தள்ளிய தம்பி

பெரும்பாலும் அவர் விமான நிறுவனத்து ஆளே அல்ல. தரைப்பணிகளை ஒப்பந்தத்தில் செய்யும் கம்பெனியின் ஊழியர். பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படைக்காரர். குடியேற்ற மேசையில் பொறுமையாக வழிகாட்டியவர் மத்திய அரசு ஊழியர். மூவரையும் ஒரே கடிதத்தில் போட்டு விமான நிறுவனத்துக்கு அனுப்பினால் எவருக்கும் போய்ச் சேராது. வீல்சேர்க்காரருக்கு மட்டும் விமான நிறுவனத்துக்கே தனியாக எழுதலாம்: எந்த விமான நிலையம், எத்தனை மணி, எந்த வாயில், சட்டையில் எந்தக் கம்பெனிப் பெயர். அவர்கள் ஒப்பந்தக் கம்பெனிக்கு அனுப்ப முடியும்.

விதியை மீறிச் செய்த உதவியை எழுத்தில் வைப்பது

இதை எத்தனை முறை பார்த்தாலும் கோபம் அடங்குவதில்லை. எழுதியவருக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. முழு நஷ்டமும் உதவியவர் தலையில்.

ஒரு குடும்பம் மகனுக்காகப் பண்ருட்டி முந்திரி, கத்திரி வற்றல், ஊறுகாய் என்று கட்டிக்கொண்டு போனது. கவுண்டரில் எடை போட்டபோது பெட்டி 4 கிலோ கூடுதல். அங்கிருந்த பெண் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டேக் ஒட்டி அனுப்பிவிட்டார். மகன் எழுதிய பாராட்டின் முதல் வரியே இதுதான்: "4 கிலோ அதிகமாக இருந்தும் பணம் வாங்காமல் விட்டார்." பெயர், கவுண்டர் எண், நேரம் எல்லாம் துல்லியம். கூடுதல் எடைக்கான கட்டணம் நிறுவனத்துக்கு வருமானம். அந்தக் கடிதம் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து நிலைய மேலாளர் மேசைக்குப் போனபோது, அது பாராட்டாக இல்லை; வருமானத்தை விட்டுக்கொடுத்ததற்குப் பயணியே கையெழுத்திட்ட சாட்சியாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டார்கள்.

விமானத்துக்குள்ளும் இதே கதைதான். சீட் பெல்ட் விளக்கு எரியும்போதே அப்பாவைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். தலைவலிக்குத் தன் கைப்பையிலிருந்தே மாத்திரை கொடுத்தார். காலியாக இருந்த பிசினஸ் கிளாஸ் இருக்கையில் அம்மாவைப் படுக்க வைத்தார். தான் உட்காரும் மடக்கு இருக்கையில் குழந்தையை உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினார். கேட்டபோதெல்லாம் மது ஊற்றினார். இவை ஒவ்வொன்றும் உங்களுக்கு அன்பு. பணிக் கையேட்டைக் கையில் வைத்துப் படிப்பவருக்கு மீறல். மாத்திரையை விமானத்தின் மருந்துப் பெட்டியிலிருந்து முறைப்படி எடுத்துக் குறித்து வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பயணி அளவுக்கு மேல் குடிக்காமல் பார்த்துக்கொள்வது பணியாளரின் பொறுப்பு. விளக்கு எரியும்போது எழ விடாமல் உட்கார வைப்பதும் அவர் பொறுப்பு. வீட்டிலிருந்து கொண்டுபோன கஞ்சியைச் சூடாக்கித் தருவதைக்கூடச் சுகாதாரக் காரணத்துக்காகப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

விமானிகள் அமரும் காக்பிட் பக்கமே போக வேண்டாம். 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து தில்லி வந்த விமானத்தில் விமானி ஒருவர் தமக்குத் தெரிந்த பெண்ணைக் காக்பிட்டுக்குள் அனுமதித்தார். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அவருடைய உரிமத்தை 3 மாதம் நிறுத்திவைத்தது. நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம். தரையிறங்கி எஞ்சின் நின்ற பிறகு உங்கள் பையன் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கலாம். நீங்கள் "காக்பிட்டைக் காட்டினார்" என்று மட்டும் எழுதினால், படிப்பவர் நடுவானில் என்றே எடுத்துக்கொள்வார்.

அப்படியானால் எதை எழுதுவது? அவர் விட்டுக்கொடுத்ததை விடுங்கள். அவர் கவனித்ததை எழுதுங்கள். கஞ்சியைச் சூடாக்கினாரா? அதற்கு முன் அம்மா தட்டைத் தொடாமல் இருந்ததைக் கண்டு, குனிந்து உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்டாரே, அதை எழுதுங்கள். 4 கிலோவை விட்ட பெண், சென்னையில் எந்த வாயிலுக்குப் போக வேண்டும் என்று தாளில் படம் போட்டுக் காட்டினாரா? அதை எழுதுங்கள். இது பொய் அல்ல. நடந்ததில் அவருக்கு நன்மை தரும் பாதியை எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். மீறலைத் தவிர எழுத வேறு எதுவுமே இல்லை என்றால், இறங்கும்போது கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். எழுதவே வேண்டாம்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இன்னொரு கடிதம் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். விஷயம் இன்னும் பெரிதாகும். அவர்களே விளக்கம் கேட்டால் மட்டும் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அளவு தெரிவதற்காக ஒரு மாதிரி. இதை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். தமிழில் எழுதினால் படிக்கிற மேசையில் தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டும்.

"15ஆம் தேதி சென்னையிலிருந்து சிங்கப்பூர் போன உங்கள் விமானத்தில் (விமான எண், முன்பதிவு எண் கீழே) 23சி இருக்கையில் என் தாயார், வயது 71, தனியாகப் பயணம் செய்தார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். உங்கள் பணியாளர் (பெயர்) தமிழ் தெரியாதபோதும் சைகையில் பேசி, சாப்பாட்டில் எது சைவம் என்று பிரித்துக் காட்டினார். இரவில் மூன்று முறை வந்து தண்ணீர் கொடுத்தார். இறங்கும்போது வீல்சேர் வரும்வரை உடன் நின்றார். இந்தப் பாராட்டை அவருக்கும் அவருடைய மேலாளருக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மேலாளர் என்ற சொல் இருந்தால் அது அவருடைய பணிக்கோப்பு வரை போக வழி உண்டு. "மிகவும் அன்பாக இருந்தார்" என்று பத்து முறை எழுதுவதைவிட "மூன்று முறை தண்ணீர்" என்பதற்கு எடை அதிகம்.

பாராட்டையும் புகாரையும் ஒரே கடிதத்தில் கட்டுவது

"விமானம் 5 மணி நேரம் தாமதம், பெட்டியின் சக்கரம் உடைந்துவிட்டது, ஆனாலும் உங்கள் பணியாளர் தங்கமானவர்." இப்படி எழுதினால் அது புகார்ப் பிரிவில் விழும். ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு எண், ஒரு வகை. சக்கரத்துக்கு என்ன இழப்பீடு என்று பார்த்துப் பதில் போட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள். தங்கமானவரைப் பற்றிய வரி அதற்குள்ளேயே கிடக்கும். இரண்டு கடிதம் எழுதுங்கள். இணையப் படிவத்தில் வகை கேட்கும் இடத்தில் பாராட்டு என்பதையே தேர்ந்தெடுங்கள். நடுவில் இரண்டு நாள் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. பணம் கேட்பதற்காகப் புகழ்கிறார் என்ற எண்ணம் வராது.

மற்றவரை மட்டம் தட்டிப் புகழ்வது

"மற்ற எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், இவர் ஒருவர்தான் சிரித்தார்." இதைப் படித்த மேலாளர் மற்ற மூவரையும் கூப்பிட்டுக் கேட்பார். அடுத்த மாதம் அதே மூவரோடு அவர் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

அழகு, நிறம், உடை

ஒரு சொல்லும் வேண்டாம்.

போர்டிங் பாஸைப் படம் எடுத்துப் பொதுவில் போடுவது

நன்றி சொல்லும் பதிவில் ஆதாரமாகப் போர்டிங் பாஸை ஒட்டுகிறார்கள். அதில் ஆறு எழுத்து முன்பதிவு எண் இருக்கிறது. அதை மறைத்தாலும் பார்கோடுக்குள் பெயரும் எண்ணும் இருக்கின்றன. ஸ்கேன் செய்தால் வந்துவிடும். அந்த எண்ணும் குடும்பப் பெயரும் கிடைத்தால் பல நிறுவனங்களின் தளத்தில் உங்கள் முன்பதிவையே திறக்கலாம். போக வர ஒரே டிக்கெட் என்றால் திரும்பும் பயணமும் அதற்குள்தான். பாரீஸில் இருக்கும் அம்மாவின் திரும்பும் இருக்கையை யாரோ மாற்றிவிட்டால் அங்கே அவர் என்ன செய்வார்?

நிறுவனத்தின் பெயரில் போலிக் கணக்குகளும் வந்து பதில் போடும். பாராட்டுக்கு ஓடிபியோ யுபிஐ எண்ணோ யாரும் கேட்கத் தேவையில்லை. கேட்டால் அது திருட்டு. பணியாளரின் படத்தையும் அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

ஏர்சேவாவில் எழுதுவது

அது விமானப் பயணிகளுக்கான மத்திய அரசின் குறைதீர்க்கும் தளம். பாராட்டை நேராக நிறுவனத்துக்கே அனுப்புங்கள்.

ஆறப் போடுவது

ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். சில நிறுவனங்களில் கருத்து அட்டை விமானத்திலேயே இருக்கும். கேட்டு வாங்கி, இறங்குவதற்குள் எழுதித் தலைமைப் பணியாளரிடம் கொடுத்துவிடலாம். மின்னஞ்சல் என்றால் உடனே தானியங்கிப் பதிலும் ஒரு கோப்பு எண்ணும் வரும். எண்ணைக் குறித்து வையுங்கள். பணியாளரின் பெயர் விளங்கவில்லை என்று பிறகு கேட்டால், புதுக் கடிதம் தொடங்காமல் அதே எண்ணைப் போட்டுப் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் வராவிட்டால் துரத்த வேண்டாம். பல இடங்களில் பாராட்டு பணியாளருக்குப் போகும். உங்களுக்குப் பதில் போடமாட்டார்கள்.