செம்பருத்தி டீ போடும் முறை

எங்கள் வீட்டில் ஒற்றையடுக்கு நாட்டுச் செம்பருத்திதான். ஐந்து பூவில் காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, இதழ்களை அலசுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகே இதழ்களைப் போடுங்கள். சேர்த்துக் கொதித்தால் கொழகொழப்பாகிவிடும். ஐந்து நிமிடம் மூடிவைத்தால் நீர் ஊதாவாகும். வடிகட்டி எலுமிச்சை பிழியுங்கள், சட்டெனச் சிவக்கும்! ஆந்தோசயனின் நிறமி புளிப்போடு சேர்வதால் வரும் அழகு அது. அப்புறம் கொஞ்சம் தேன்.

கடையில் விற்கும் புளிப்பான ஹைபிஸ்கஸ் டீ வேறு செடி. புளிச்சைக்கீரை இனத்தின் சிவந்த புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் இருக்கும் உறை. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 3 கப் வீதம் 6 வாரம் அதைக் குடித்தவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே வேண்டாம்.