.308 கேஸ் ரீசைசிங்: டையை எவ்வளவு இறக்குவது?

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு (கேஸ்), துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரின் அளவுக்கு விரிந்துதான் வெளியே வரும். அதை மறுபடி நிரப்பிச் சுடுவதற்காக, டை என்ற அச்சுக்குள் பிரஸ்ஸால் அழுத்திச் சுருக்குவதுதான் ரீசைசிங். ஆனால் தேவைக்கு மேல் சுருக்குவதுதான் கேஸின் ஆயுளைக் கெடுக்கிறது.

டையோடு வரும் தாளில், கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைத் தொட்டபின் இன்னும் கால் சுற்று இறக்கச் சொல்லியிருக்கும். அப்படிச் செய்த கேஸ் அநேகமாக எந்த .308 துப்பாக்கியிலும் நுழையும். ஆனால் ஷோல்டர் (கேஸ் கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) அளவுக்கு மீறிப் பின்னுக்குப் போய்விடும். சுடும்போதெல்லாம் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலியும். அந்த இடத்தில் வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால், முனையை மடக்கிய பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டு வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

முதலில் உங்கள் துப்பாக்கியில் சுட்ட கேஸின் பிரைமரை (அடியில் இருக்கும் பற்றவைக்கும் மூடி) கழற்றுங்கள். பிதுங்கிய பிரைமர் அளவைப் பொய்யாக்கும். (உள்ளே இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தால் அது பெர்டான் வகைக் கேஸ், பிரைமரைத் தள்ளும் டையின் ஊசி முறியும்.) கேலிப்பரில் 0.400 அங்குலத் துளையுள்ள கம்பரேட்டரை (ஷோல்டரில் பதியும் துணைக்கருவி) மாட்டி, அடியிலிருந்து ஷோல்டர் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1.634 அங்குலம் வந்தால், கையால் போல்ட்டை இழுத்து இயக்கும் போல்ட் ஆக்‌ஷனுக்கு 1.632 போதும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோ என்றால் 0.003 முதல் 0.004 வரை குறைக்கலாம்.

டையை உயரத்தில் வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஆகவே 5 டிகிரி திருப்பினாலே 0.001 அங்குலம் இறங்கிவிடும். தொடக்கத்தில் அளவு குறையாமல் கூடினால் பயப்பட வேண்டாம்: உடல் நெரிபடும்போது ஷோல்டர் முன்னால் தள்ளப்படும், டை அதைத் தொட்ட பிறகே பின்வாங்கும்.

லூப் (மசகு) கேஸின் உடலில் மெல்லிய படலமாக இருக்க வேண்டும். ஸ்ப்ரே என்றால் அடித்ததும் சில நிமிடம் காயவிடுங்கள். ஷோல்டரில் தேங்கினால் குழி விழும். லூப் போதாவிட்டால் கேஸ் டைக்குள் இறுகிக்கொள்ளும். பிரஸ் கைப்பிடி கனக்கத் தொடங்கியதுமே நிறுத்தி வெளியே எடுங்கள். முரட்டுத்தனமாக இழுத்தால் விளிம்பு பிய்ந்து, பிறகு அடியைத் துளையிட்டு மரைபோட்டுத்தான் கழற்ற வேண்டிவரும். நெக்கின் (கேஸின் கழுத்து) உள்ளேயும் துளி தடவுங்கள். இல்லையென்றால் டைக்குள் இருந்து நெக்கை விரிக்கும் எக்ஸ்பாண்டர் பந்து மேலேறும்போது கிறீச்சிட்டு நெக்கை நீட்டிவிடும்.

கடைசியில் நீளம்: 2.015 அங்குலத்தைத் தாண்டினால் 2.005க்கு வெட்டி, வாயின் பிசிறை எடுங்கள். லூப்பை முழுக்கத் துடையுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள கேஸ் சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, அழுத்தம் முழுவதையும் போல்ட் மேல் இறக்கும்.